டாக்டர் சொன்னதில் பாதி

என்னை யாரும் மொழிபெயர்க்க வேலைக்கு எடுக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நான் கிராணி. வருகிற பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது, ரத்தப் பரிசோதனைத் தாள்களை அந்தந்தக் கோப்பில் செருகுவது, டெலிபோன் அடித்தால் எடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் தடுமாறாமல் பேசக்கூடியவள் பகல் நேரத்தில் அந்த வார்டில் நான் ஒருத்திதான். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வருகிற தாய்மார்களுக்குப் பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்கு மலாய் வரும். பிள்ளையின் ரத்தத்தில் என்ன கோளாறு என்று கேட்டுப் புரிந்துகொள்ள அது போதாது. அதனால் டாக்டர் பேச வேண்டிய நேரமெல்லாம், "அந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போவேன்.

முதல் சில மாதங்கள் எனக்கு அதில் ஒரே பெருமை. இருபத்தாறு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று பேசுவது என்றால் சும்மாவா? வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் தம்பியிடமும் அளந்துவிடுவேன். நான் இல்லாவிட்டால் அந்த வார்டே நின்றுபோகும் என்கிற மாதிரி இருக்கும் என் பேச்சு.

பெருமை எத்தனை நாளைக்கு? நல்ல சேதி சொல்ல ஆள் தேவையில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் மிஸ்ஸி கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார், தாய்க்குப் புரிந்துவிடும். மிஸ்ஸி என்றுதான் எங்கள் ஊரில் தாதிகளை அழைப்போம். விரலாலும் சிரிப்பாலும் சொல்ல முடியாத சேதி வரும்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மிஸ்ஸிகளுக்குக் கை நிறைய வேலை இருக்கும், ஊசி, மருந்து, படுக்கை விரிப்பு. எனக்கு வாய் மட்டும்தான் வேலை. அது முடிந்த பிறகும் அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், அப்படி முடிவு செய்தவளே நான்தான் என்பதுபோல. அந்தப் பார்வையை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கவும் யாரும் இல்லை. கிராணிக்கு என்ன மனக்கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நானாகச் சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "டாக்டர் சொல்றாங்க" என்று போட்டுக்கொள்வேன். நான் சொல்லவில்லையம்மா, அவர் சொல்கிறார். பேசும்போது தாயின் கண்ணைப் பார்க்காமல் மூக்குத்தியைப் பார்ப்பேன். பேசி முடித்ததும் நேராக என் மேசைக்கு வந்து, பதிவேட்டைத் திறந்து, அடுத்த பெயர்களை அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்துவிடுவேன். அந்த வருடத்துப் பதிவேட்டில் எந்தப் பக்கம் அச்சுக் கோத்ததுபோல இருக்கிறதோ அது மோசமான நாள் என்று அர்த்தம். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கசக்கிக் கொடுத்தார் என்று அவரோடு சண்டை. வீட்டில் தம்பி ரேடியோவைக் கூட்டி வைத்தான் என்று அவனோடு சண்டை. "என்னடி, யாராச்சும் திட்டுனாங்களா?" என்று அம்மா கேட்பார். "ஒண்ணுமில்ல, சோத்தப் போடும்மா" என்பேன். போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அரிசி தீர்ந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று சொன்னால் வாயிலேயே ஒரு தட்டு விழும், மலையேத்து என்று சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாதவர் இருக்கும் இடத்தில் அந்த ஒரு சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் அது நடந்துவிடும். எங்கள் வீட்டில் மட்டுமா, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் இதே வளர்ப்புத்தான். இதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஆறாம் பாரம் வரை படித்தவள் அல்லவா நான்! ஆனால் என் நாக்கு என்னைக் கேட்டுக்கொண்டா வளர்ந்தது?

அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். ரத்தத்தில் வந்த நோய். வருவாள், சில வாரம் இருப்பாள், போவாள், மறுபடியும் வருவாள். ஏழெட்டு மாதங்களாக இப்படியே நடந்துகொண்டிருந்தது. முடி எல்லாம் கொட்டிப்போய், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருப்பாள். மருந்துக் குப்பிகளின் வண்ண மூடிகளை மிஸ்ஸிகளிடம் கேட்டு வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ப்பாள். நீலம் நிறைய இருந்தது, சிவப்பு கிடைப்பது அரிது. எங்காவது சிவப்பைக் கண்டால் நானே எடுத்து வைத்திருந்து கொடுப்பேன். அவள் அம்மா பால் மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குவதை அப்படித்தான் சொல்வோம். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். நான் கிராணி என்று எத்தனை தடவை சொன்னாலும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அக்கா என்பேன். பிள்ளையின் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவரை நான் பார்த்ததில்லை.

அது ஒரு புதன்கிழமை காலை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மலாய்க்காரப் பெண், என்னைவிடச் சற்று மூத்தவர், மிக மென்மையாகப் பேசுவார். அப்போது பெற்றோரோடு தனியாகப் பேச ஓர் அறை எங்கள் வார்டில் கிடையாது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டுவிட்டு அங்கேயேதான் பேசுவது. டாக்டரும் அம்மாவும் நானும் நின்றிருந்தோம். பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்து, அது அவளுக்குப் புரியாது. நான் பேசுவது புரியும். அது டாக்டருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. "வெளியே போய்ப் பேசலாமா டாக்டர்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிராணி டாக்டருக்கு யோசனை சொல்வதா என்று அப்போது ஒரு பயம்.

டாக்டர் சொன்னது இதுதான். மருந்து இனிமேல் வேலை செய்யாது. நாங்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டோம். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், கடைசி நாட்களை அவள் வீட்டிலேயே கழிக்கட்டும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். வலி வரும், இந்த மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். அவள் அப்பாவை உடனே வரச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். அக்காவும் என்னைப் பார்த்தார். பிள்ளை மடியில் டின்னை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சொல்றாங்க," என்று ஆரம்பித்தேன். "செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சாச்சாம். பிள்ளய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போலாமாம். இந்த மருந்த நேரத்துக்குக் குடுக்கணுமாம்."

அதற்கு மேல் வரவில்லை. மீதியை மென்று விழுங்கிவிட்டேன். அப்பாவை வரச் சொல்ல வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே விழுங்கினேன், ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வருமே.

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். "நல்லாயிருச்சா மிஸ்ஸி?" என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். அது ஆமாம் என்கிற அசைப்பா, இல்லை என்கிற அசைப்பா என்று எனக்கே தெரியாது. அக்காவுக்கு ஆமாம் என்றே பட்டது. டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பத்துமலை முருகனுக்கு நேந்துக்கிட்டேன். முடி மொளச்சதும் மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போயி எறக்கப் போறேன்னு சொல்லுங்க மிஸ்ஸி" என்றார். அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. நன்றி சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

திரைக்கு வெளியே வந்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குவாட் லா, பலமான ஆள் இந்த அம்மா. என்ன ஒரு மன உறுதி!" என்றார். நான் என் மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து அழகழகாக எழுதினேன்.

மத்தியானமே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்கா மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஆஸ்பத்திரியில போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதாம்ல? அதனால போறோம் மிஸ்ஸி, போறோம்!" என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு கட்டில் பக்கத்து அலமாரியைப் பார்த்தேன். வலிக்குக் கொடுத்த மருந்துப் புட்டி அதன் மேல் இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போனதல்ல. நன்றாகத் துடைத்து, சீட்டு முன்பக்கம் தெரியும்படி, வேறு யாருக்காவது உதவட்டும் என்று வைத்துவிட்டுப் போனது. குணமான பிள்ளைக்கு மருந்து எதற்கு? புட்டியை எடுத்து வந்து என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

வியாழக்கிழமை இழுப்பறையைத் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை தோட்டத்து ஆபீசின் நம்பரைப் பதிவேட்டில் தேடி எடுத்து டெலிபோன் சுற்றினேன். அங்கே இருந்த கிராணி எடுத்து, "யாரு பேசறது?" என்றார். நான் வைத்துவிட்டேன். மத்தியானம் மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் வைத்துவிட்டேன். ஒருவேளை அக்கா தானே புரிந்துகொண்டிருப்பார், ஒருவேளை பக்கத்து வீட்டில் யாராவது விவரம் தெரிந்தவர் இருப்பார், ஒருவேளை டாக்டர் சொன்னதே தவறாக இருக்கும், பிள்ளை பிழைத்துவிடும். இப்படி எத்தனை ஒருவேளை! எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை வழக்கம்போல வீட்டில் இருந்தவர்கள் மேல் காட்டினேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒரு மணிக்குப் புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். கிள்ளானில் இறங்கி வேறு பஸ். அது தோட்டத்து முனையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து செம்மண் பாதையில் நடை. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் வந்தது.

"யாரு வந்திருக்கான்னு பாரு, நம்ம மிஸ்ஸி!" என்று அக்கா வாசலுக்கே ஓடி வந்தார். வீடு வீடாகக் கூப்பிட்டு, பட்டணத்திலிருந்து ஆஸ்பத்திரி மிஸ்ஸி பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லாத குறை. பிள்ளை முன்னறையில் பாயில் படுத்திருந்தாள். வெயில் அப்படிக் கொளுத்துகிறது, அவள் கம்பளி போர்த்தியிருந்தாள். என்னைப் பார்த்து, "செவப்பு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள். கொண்டுவரவில்லை, அது நினைவில்கூட இல்லை.

"ரொம்ப நாளு படுத்தே கெடந்தாள்ல, நடக்கவும் காலு வலிக்குதாம். நேத்தெல்லாம் ஒரே அழுக. தைலம் போட்டுத் தேச்சி விட்டேன், சரியாப் போயிரும்" என்றார் அக்கா. டீ கலக்கிக்கொண்டே பேசினார். "அவருதான் வரேன்னு நின்னாரு மிஸ்ஸி. லீவு கூட வாங்கிட்டாரு. புதன்கெழம சாயங்காலம் நான்தான் கடையில இருந்து போன் போட்டேன். பிள்ளைக்கி நல்லாயிருச்சி, வீட்டுக்கு வந்துட்டோம், லீவ வீணாக்காதீங்க, தீபாவளிக்கிச் சேத்துப் போட்டுக்கிட்டு வாங்கன்னேன். அவருக்கு என்னா சந்தோசம் தெரியுமா?"

டீக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். பிள்ளையின் வலிக்கு என் கைப்பையில் மருந்து இருந்தது. அப்பா பக்கத்தில் இல்லாமல் கழியும் நாட்களுக்கு எங்கே மருந்து? அதுவரை நான் அந்தப் புட்டியை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் பைப்படிக்கு வாங்க" என்றேன். லயத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை.

"டாக்டர் சொல்றாங்க," என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். அக்கா திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அங்கே எந்த டாக்டர்? மூக்குத்தியை விட்டுக் கண்ணைப் பார்த்தேன்.

"அக்கா, அன்னைக்கி நான் முழுசா சொல்லல. பிள்ள பக்கத்துல இருந்தா, எனக்கு வாய் வரல. மருந்து இனிமே கேக்காதுன்னுதான் வீட்டுக்கு அனுப்புனாங்க. கொணமாயி அனுப்பலக்கா."

அக்கா, "எத்தன நாளு?" என்று கேட்டார். புரியவில்லை என்று சொல்வார், அழுவார், என்னை அடிப்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இந்தக் கேள்வியை நான் நினைக்கவே இல்லை.

"ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு வாரம்னாங்க. அதுல மூணு நாளு போயிருச்சிக்கா. அண்ணனயும் ஒடனே வரச் சொல்லச் சொன்னாங்க. நான் அதயும் சொல்லல."

அவர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் குனிந்து முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டார். புடவை எல்லாம் நனைந்தது. நான் குழாயை மூடினேன். மறுபடியும் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தானே மூடிவிட்டு, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைக்கிப் போவோம் வாங்க" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தோம்.

தோட்டத்து முனையில் சீனர் ஒருவரின் மளிகைக்கடை. அங்கே டெலிபோன் இருந்தது. சிங்கப்பூரில் பிள்ளையின் அப்பா தங்கியிருந்த கொங்சி என்கிற தொழிலாளர் விடுதிக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டு, ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போட வேண்டும். சனிக்கிழமை என்பதால் அவர் இருந்தார். அவர் குரல் கேட்டதும் அக்கா ரிசீவரை என் கையில் திணித்தார். "நீங்க சொல்லுங்க. நல்லாயிருச்சின்னு என் வாயாலதானே சொன்னேன். இப்ப எப்பிடி மாத்திச் சொல்றது?" என்றார்.

அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன் என்றேன். டாக்டர் புதன்கிழமை சொன்னதை, நான் சொல்லாமல் விட்டதை, இரண்டையும் சொன்னேன். இந்த முறை நிறுத்தவில்லை. எங்கே நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாதோ என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் தட்டுகள் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வலிக்குதா அவளுக்கு?" என்று கேட்டார்.

"வலிக்குதுண்ணே. மருந்து கொண்டாந்திருக்கேன்."

"மொதல்ல அதக் குடுத்துருங்க. நான் கெளம்பிட்டேன்."

திரும்பி வந்து, எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று அக்காவுக்குக் காட்டினேன். முதல் கரண்டியை அக்காவே கொடுத்தார். அரை மணி நேரத்தில் பிள்ளையின் முகம் தளர்ந்தது, கம்பளியைத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். நான் போயிட்டு வரேன் என்றேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் அந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். இப்படியும் ஒருத்தர் சிரிப்பாரா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்" என்றார். பிறகு, "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அங்கேயே அழுதுவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டு அசிங்கமாக அழுதேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். யாரிடமாவது கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால், டாக்டர் முதலில் என்னைத் துணிகள் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய் என்னிடம் சொல்வார். நான் அதைத் தமிழில் ஒரு தடவை முழுதாக, கனத்த சொற்களையும் விடாமல், அந்த விரிப்புகளைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன். எங்கே திக்குகிறதோ அங்கே நிற்போம். அழுகை வந்தால் அங்கேயே அழுதுவிடுவேன். பிறகு தாயையும் தகப்பனையும் அந்த அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவோம், பிள்ளையின் காதுபடப் பேசுவதில்லை. முடிந்ததும் டாக்டர் அடுத்த கட்டிலுக்கு ஓடிவிடாமல், கேன்டீனில் என்னோடு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். பேச ஒன்றும் இருக்காது. பல நாள் சும்மாதான் குடிப்போம். ஆனால் பஸ் கண்டக்டர்கள் என்னிடமிருந்து தப்பித்தார்கள்.

அந்தப் பிள்ளை வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். தோட்டத்து ஆபீஸ் கிராணி வார்டுக்குப் போன் செய்து சொன்னார். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையே வந்து சேர்ந்துவிட்டாராம். கடைசி வரைக்கும் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லையாம். அன்றைக்கு நான் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவும் அவர் கணவரும் வார்டுக்கு வந்தார்கள். அவருடைய கம்பெனியில் இத்தனை நாள் லீவு எடுத்ததற்கு ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்டிருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நான் டைப் அடித்துக் கொடுத்தேன். அக்காவின் கணவர் உயரமான ஆள், வெயிலில் கறுத்த முகம். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

அந்தத் துணி அறைக்கு இருவரையும் கூட்டிப்போய் உட்கார வைத்து, நோயின் பெயரிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் வரி வரியாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தப் புதன்கெழம டாக்டர் சொன்னதயும் அதே மாதிரி சொல்லுங்க. போன்ல எனக்குப் பாதிதான் காதுல ஏறுச்சி. அவளும் இன்னும் முழுசாக் கேக்கல."

சொன்னேன். மருந்து இனிமேல் வேலை செய்யாது என்பதிலிருந்து, அப்பாவை உடனே வரச் சொல்லுங்கள் என்பது வரை, டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். நான் பேசி முடித்ததும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புதன்கெழம பைய கட்டி வெச்சிட்டேன்" என்றார். "பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்துட்டேன். இவ போன் வந்ததும் திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு நாலு நாளு கெடச்சிச்சி. ஏழு நாளு இருந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அவருக்காச்சும் மூணு நாளுதான் போச்சி, மிஸ்ஸி," என்றார் அக்கா. "நான் அந்த மூணு நாளும் சந்தோசமா இருந்தேன். வெள்ளிக்கெழம அவ காலு வலிக்கிதும்மான்னு அழுவுறா, நான் சிரிக்கிறேன். நடக்கச் சோம்பல் படாதடின்னு கைய புடிச்சி இழுத்து நடக்க வெச்சேன். ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல, லயம் பூரா நடத்திக் காட்டுனேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது உங்க தப்பு இல்லக்கா. என் தப்பு" என்றேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் கணவர் கதவருகே வந்து கூப்பிடும் வரைக்கும் கையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தார்.